பிரஷ்யக் காலாட்படைக்கு எந்தக் கொடி? 1806-இன் இரட்டைக் கொடி, 1813-இன் ஒற்றைக் கொடி, அல்லது கொடியே இல்லாமல்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக, நெப்போலியன் காலத்துப் பிரஷ்ய (அன்றைய ஜெர்மன் அரசு) வீரர்களின் குட்டி உருவங்கள் உள்ள பெட்டி ஒன்றை வாங்கி, எல்லோருக்கும் கருநீலச் சட்டை தீட்டி, குறுக்குவார் வெள்ளையும் அடித்து முடித்து, கடைசியில் கொடிக்காரன் கையில் என்ன கொடுப்பது என்ற இடத்தில் நின்றுவிட்டவர்கள் எனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளைக் கொடியா, கறுப்புக் கொடியா? ஒன்றா, இரண்டா?

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நெப்போலியனின் பிரெஞ்சுப் படை என்றால் மூவர்ணம். ரெஜிமென்ட் (சில பட்டாலியன்கள் சேர்ந்த படைப்பிரிவு) எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது. பிரிட்டிஷ் பட்டாலியன் என்றால் அரசர் கொடி ஒன்று, ரெஜிமென்ட் கொடி ஒன்று. பிரஷ்யாவில் அப்படி ஒரே விதி வைத்து ஓட்ட முடியாது. 1806-க்கும் 1815-க்கும் நடுவில் அந்த நாட்டுப் படை ஒருமுறை செத்துப் பிழைத்தது. பிழைத்த கொடி, தொலைந்த கொடி, இன்னும் கொடுக்கப்படாத கொடி எல்லாம் ஒரே படைக்குள் இருந்தன.

நானும் இதில் அடிபட்டவன்தான். வாட்டர்லூ போரில் பிளான்சுனுவா ஊரைத் தாக்கிய 15ஆம் ரெஜிமென்டுக்காக, பின்னாளையக் கொடியின் படம் ஒன்றைப் பார்த்து இரண்டு இரவு உட்கார்ந்து வரைந்தேன். கழுகின் இறகுகூடத் தனித்தனியாகத் தெரியும். மேசையில் கொண்டுபோய் வைத்ததும், எதிரே பிரெஞ்சுப் படையோடு உட்கார்ந்திருந்த மூத்த நண்பர் சிரித்துவிட்டார். “தம்பி, 1815 ஜூன்ல இவங்களுக்குக் கொடியே குடுக்கலையே!” வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

கொடியை முதலில் பிடித்துக்கொண்டு அதற்கேற்ற படையைத் தேடியதுதான் நான் செய்த தப்பு. ஆண்டையும் ரெஜிமென்டையும் முதலில் முடிவு செய்தால் கொடி தானாக வந்து நிற்கும். சில நேரம் வராமலும் போகும். அதுவும் ஒரு பதில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் ஆண்டு. உங்கள் எதிரி எந்த ஆண்டுக்காரர், எந்தப் போரை ஆடப் போகிறீர்கள் என்பது. அடுத்தது, ஒரு பட்டாலியனுக்கு எத்தனை கொடி, அதைத் தூக்க எத்தனை உருவம் என்பது. இதைத்தான் பலரும் பணம் கட்டிய பிறகு யோசிக்கிறார்கள். மூன்றாவது, நீங்கள் வைக்கும் கொடிக்கு எவ்வளவு உறுதியான ஆதாரம் இருக்கிறது என்பது. நான்காவது, உழைப்பு. ஐந்தாவதாக, ஒரே பட்டாலியனை வேறு போர்களுக்கும் தூக்கிக்கொண்டு போக முடியுமா என்பது. இது எல்லோருக்கும் முக்கியமில்லை. ஆனால் என்னைப் போல அலமாரியில் இடம் இல்லாதவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

அளவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அசல் கொடிகள் ஒரு மீட்டருக்கு மேல், ஒன்றரை மீட்டருக்குள். 28 மி.மீ. உருவங்களை 1/56 என்று வைத்துக்கொண்டால் 20 முதல் 25 மி.மீ. வரை ஒரு பக்கம் வரும். அதைவிடப் பெரிய கொடி கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் கொடிக்காரன் போர்வையைக் காயப்போட எடுத்துப் போவதுபோல் தெரிவான்.

## எல்லாவற்றுக்கும் பொதுவான அமைப்பு

காலாட்படையின் கொடிக்கு ஜெர்மனில் ‘ஃபானே’ என்று பெயர்; குதிரைப்படையின் சிறிய கொடி ‘ஷ்டாண்டார்டே’. இரண்டையும் குழப்பி விற்கும் தாள்கள் உண்டு, பார்த்து வாங்குங்கள்.

ஃபானே பட்டுத் துணி. அதன்மேல் தூரிகையால் தீட்டியிருப்பார்கள். நடுவில் வட்டம், அதற்குள் பறக்கும் கருங்கழுகு, மேலே லத்தீன் வாசகம் எழுதிய நாடா, சுற்றிலும் இலைமாலை. நான்கு மூலைகளிலும் கிரீடத்தோடு அரசரின் பெயரெழுத்துகள். மூலையிலிருந்து நடுவட்டத்தை நோக்கி ஓடும் ஆப்பு வடிவப் பட்டைகள் சேர்ந்து ஒரு சிலுவைபோலத் தெரியும். 

வாசகத்திலேயே ஒரு கதை இருக்கிறது. முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் காலத்தில் அது ‘நோன் சோலி செதித்’, அதாவது சூரியனுக்கும் பணியாது. சூரிய அரசன் எனப்பட்ட பிரான்சின் பதினான்காம் லூயியைக் குத்திக்காட்டும் வாசகம் அது. ஃபிரெடரிக் வில்லியமின் மகன் மகா ஃபிரெடரிக் அதை ‘ப்ரோ குளோரியா எத் பாத்ரியா’ என்று மாற்றினார்: புகழுக்காகவும் தாயகத்துக்காகவும். நெப்போலியன் காலத்தில் நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வாசகம்.

ரெஜிமென்டின் முதன்மைக் கொடிக்கு ‘லைப்ஃபானே’ என்று பெயர். அதன் பின்னணி வெள்ளை. மற்றவை ‘ரெஜிமென்ட்ஸ்ஃபானே’, அவற்றின் பின்னணி ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் வேறு. வெள்ளையா கறுப்பா என்று கேட்பவர்களின் குழப்பம் பாதி இங்கேதான் தீர்கிறது. அவர்கள் பார்த்த இரண்டு படங்களும் ஒரே ரெஜிமென்டின் இரண்டு கொடிகளாக இருக்கலாம்.

## வாய்ப்பு ஒன்று: 1806-இன் பழைய படை

கண்ணுக்கு இதைவிட அழகான பிரஷ்யப் படை கிடையாது. இருமுனைத் தொப்பி, பின்னல் சடை, மார்பில் நிற மடிப்பு, மேலே பட்டாலியனுக்கு இரண்டு கொடி. முதல் பட்டாலியனில் ஒரு லைப்ஃபானேயும் ஒரு ரெஜிமென்ட்ஸ்ஃபானேயும். இரண்டாம் பட்டாலியனில் இரண்டுமே ரெஜிமென்ட்ஸ்ஃபானே. ஆக ஒரு ரெஜிமென்ட் முழுதாகச் செய்தால் நான்கு கொடி, நான்கு கொடிக்காரர்கள். கிரனேடியர் கம்பெனிகளைத் தனியே பிரித்துக் கிரனேடியர் பட்டாலியன்களாகச் சேர்த்துவிடுவார்கள். அவற்றுக்குக் கொடி இல்லை. இலகு காலாட்படையான ஃபுசிலியர்களுக்கும் இல்லை.

1806 அக்டோபர் 14-ஆம் தேதி யேனாவிலும் அவுயர்ஷ்டெட்டிலும் ஒரே நாளில் இந்தப் படை உடைந்தது. அவுயர்ஷ்டெட்டில் பிரஷ்ய முதன்மைப் படையை அதைவிட மிகச் சிறிய படையோடு பிரெஞ்சு மார்ஷல் தாவூ முறியடித்தார். படைத் தலைவர் பிரவுன்ஷ்வைக் கோமகன் சாகுமளவு காயம்பட்டார். அப்புறம் நடந்ததுதான் கொடிகளின் கதை. அக்டோபர் 28-இல் பிரென்ஸ்லாவில் பிரஷ்யத் தளபதி ஹோஹென்லோஹெ சரணடைந்தார். நவம்பரில் லூபெக் பக்கம் இன்னொரு தளபதி புளூஷரும், மாக்டெபுர்க் கோட்டையும் அதே வழி. ஒவ்வொரு சரணிலும் கொடிகள் கட்டுக் கட்டாகப் போயின. சிலர் துணியைக் கம்பத்திலிருந்து கிழித்து உடம்பில் சுற்றிக்கொண்டு தப்பித்து வந்தார்கள். மற்றவை பாரிஸுக்குப் போய் அன்வலீத் மாளிகையில் மாட்டப்பட்டன.

அங்கேயும் அவை நிலைக்கவில்லை. 1814 மார்ச் 30 இரவு, நேச நாட்டுப் படைகள் பாரிஸின் வாசலில் நின்றபோது, அன்வலீத்தின் ஆளுநரான மார்ஷல் செருரியே அங்கிருந்த வெற்றிக் கொடிகளை முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார். ஏறத்தாழ 1,400 கொடிகள், பல நாட்டினுடையவை. போட்ஸ்டாமிலிருந்து நெப்போலியன் எடுத்து வந்திருந்த மகா ஃபிரெடரிக்கின் வாளும் அன்றோடு போயிற்று. 1806-இன் கொடி ஒன்றைத் தீட்டும்போது, பெரும்பாலும் சாம்பலாகிப்போன ஒன்றைத்தான் நாம் திரும்ப வரைகிறோம்.

மறைமுகச் செலவு இந்த வாய்ப்பில்தான் அதிகம். பிளாஸ்டிக் பெட்டிகள் பெரும்பாலும் 1813–15 காலத்தவை. 1806 வீரர்கள் பெரும்பாலும் உலோக வார்ப்பு, விலை கூடுதல், எடையும் கூடுதல், வெளிநாட்டிலிருந்து வந்தால் தபால் கட்டணமும் கூடுதல். அதோடு எதிரியும் 1806 பிரெஞ்சுக்காரராக இருக்க வேண்டும். பின்னாளைய ஷாக்கோ (உயரமான உருளைத் தொப்பி), சட்டைக்கார பிரெஞ்சுப் படையை நிறுத்தினால் நான்கு கொடிக்குப் பட்ட பாடு வீண். அப்புறம் ரெஜிமென்ட் பெயர்கள்: அன்று எண்ணைவிட ரெஜிமென்ட் தலைவரின் பெயரால்தான் அழைப்பார்கள். தலைவர் மாறினால் பெயர் மாறும். ஆகவே ஒரு படத்தில் ஒரு பெயரும் இன்னொன்றில் வேறு பெயரும் பார்த்து, இரண்டு ரெஜிமென்ட் என்று நினைத்து இரண்டு முறை வாங்கியவர்கள் உண்டு.

யேனா ஆடியே தீருவேன் என்பவருக்கு வேறு வழியில்லை, இதுதான். தீட்டுவதே முக்கியம், ஆடுவது அப்புறம் என்பவருக்கும் இதுதான் நல்லது. தோற்கப் பயப்படுபவருக்கு ஆகாது.

## வாய்ப்பு இரண்டு: 1813–15, பழைய ரெஜிமென்ட்கள்

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் வாங்குகிறார்கள், இங்கேதான் அதிகம் தடுக்கியும் விழுகிறார்கள்.

1808 செப்டம்பரில் நெப்போலியன் திணித்த பாரிஸ் உடன்படிக்கை பிரஷ்யப் படையை 42,000 பேருக்குள் அடக்கியது. அறுபது எண் வரை ஓடிய பழைய ரெஜிமென்ட்களுக்குப் பதில் பன்னிரண்டு காலாட்படை ரெஜிமென்ட்கள் மிஞ்சின. ஒவ்வொன்றிலும் இரண்டு மஸ்கட்டியர் (வழக்கமான காலாட்படை) பட்டாலியன், ஒரு ஃபுசிலியர் பட்டாலியன். தலைவர் பெயர் போய் மாகாணப் பெயரும் எண்ணும் வந்தன.

இதில் முதல் ஏழு ரெஜிமென்ட்களைக் கவனியுங்கள். அவை புதிதாக முளைத்தவை அல்ல. ரூஷெல் என்ற பழைய 2ஆம் ரெஜிமென்ட்தான் புதிய 1ஆம் ரெஜிமென்ட் ஆனது. ஷோனிங்கின் 11ஆம் ரெஜிமென்ட் புதிய 3 ஆனது. கூர்பியேரின் 58ஆம் ரெஜிமென்ட் புதிய 7. பெரும் சரிவு மேற்கே நடந்தபோது இவற்றில் பல கிழக்கே இருந்தன. 1807 பிப்ரவரி 8-இல் ஐலாவ் பனிக்களத்தில், ரஷ்யர்களின் இடப்பக்கம் நொறுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் தளபதி லெஸ்டாக் கொண்டுவந்து இறக்கிய பிரஷ்யப் படையில் ரூஷெலும் ஷோனிங்கும் இருந்தன. குட்சிட்டன் கிராமத்தைத் திரும்பப் பிடித்தவர்கள் அவர்கள்.

இதனால் கொடிக்கு என்ன வந்தது? பழைய கொடிகள் தப்பின. 1813-இல் உறை போட்ட ஷாக்கோவும் சாம்பல் கால்சட்டையுமாகப் போருக்குக் கிளம்பிய இந்த ரெஜிமென்ட்கள் தூக்கிப் போனது அவர்களுடைய அப்பா காலத்துப் பட்டுத் துணியைத்தான். புதுச் சட்டை, பழைய கொடி. கொடியைப் பளபளவென்று புதிதாகத் தீட்டினால் இந்தக் கதை போய்விடும். நான் ஓரத்தைக் கிழித்துவிடுவேன். நடுவட்டத்தின் நிறத்தை ஒரு படி மங்கலாக்குவேன்.

8, 9 எண்கள் வேறு வகை. லைப் ரெஜிமென்டும் கோல்பெர்க் ரெஜிமென்டும் 1807–08-இல் தேர்ந்தெடுத்த வீரர்களைக் கொண்டு புதிதாக அமைக்கப்பட்டவை. 1807-இல் க்னைஸெனாவ் தலைமையில் கோல்பெர்க் கோட்டை கடைசிவரை விழாமல் நின்றது. அதன் நினைவாக அந்த ரெஜிமென்டின் கொடியில் ‘கோல்பெர்க் 1807’ என்று எழுதியிருக்கும். கொடியைப் பார்த்தவுடன் எதிரே இருப்பவருக்கு ரெஜிமென்ட் தெரிய வேண்டுமா? இதை எடுங்கள்.

எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. தொடக்கத்தில் 8ஆம் எண் அரச காவல் ரெஜிமென்டுக்கு உரியது. 1813 நடுவில் காவல் ரெஜிமென்டை எண் வரிசையிலிருந்து தனியே எடுத்துவிட்டார்கள். பின்னால் இருந்தவை ஒவ்வொரு படி முன்னே வந்தன. லைப் ரெஜிமென்ட் 9-இலிருந்து 8, கோல்பெர்க் 10-இலிருந்து 9, சைலேசிய ரெஜிமென்ட்கள் 11, 12-இலிருந்து 10, 11. கொடித் தாளில் எண் மட்டும் போட்டிருந்தால், எந்த ஆண்டின் எண் என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இனி எத்தனை கொடி என்பது. 1813-இல் போருக்குப் போனபோது மஸ்கட்டியர் பட்டாலியனுக்கு ஒரு கொடிதான். இன்னொன்று கிடங்கில் தங்கியது. ஃபுசிலியர் பட்டாலியன் அந்தப் போருக்குக் கொடி இல்லாமலே போனது. ஆக மூன்று பட்டாலியனுக்கு இரண்டு கொடி. பழைய படையில் இரண்டு பட்டாலியனுக்கு நான்கு. கை வலி பாதிக்கு மேல் குறைகிறது.

கழுத்துப்பட்டையின் நிறத்தைப் பார்த்துக் கொடியின் நிறத்தை ஊகிப்பது இன்னொரு பொதுத் தப்பு. கிழக்குப் பிரஷ்யாவுக்குச் செங்கல் சிவப்பு, மேற்குப் பிரஷ்யாவுக்குக் கருஞ்சிவப்பு, பொமரேனியாவுக்கு வெள்ளை, பிராண்டன்புர்க்குக்குச் செஞ்சிவப்பு, சைலேசியாவுக்கு எலுமிச்சை மஞ்சள் என்ற மாகாண நிறங்கள் 1808 சீர்திருத்தத்தில் வந்தவை. கொடி அதற்கும் முந்தையது. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கம்பத்தின் நிறம்கூட ரெஜிமென்டுக்கு ரெஜிமென்ட் மாறும்: வெள்ளை, மஞ்சள், பழுப்பு, கறுப்பு. எல்லாக் கம்பத்துக்கும் பழுப்பை இழுத்துவிட்டுப் போவது சோம்பேறித்தனம். ஒப்புக்கொள்கிறேன், நானும் செய்திருக்கிறேன்.

கம்பத்தின் நுனியிலும் ஆண்டு இருக்கிறது. 1813 மார்ச் 10-ஆம் தேதியிட்டு பிரெஸ்லாவில் அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம் இரும்புச் சிலுவையை ஏற்படுத்தினார். அதன் வடிவத்தை முடித்துக் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் ஷிங்கல். 1814-இல் போர் முடிந்த பிறகு, களம் கண்ட படைகளின் கொடி நுனியில் அந்தச் சிலுவையைப் பொருத்தினார்கள். ஆக, 1813 லைப்சிக் போருக்கு வைக்கும் நுனியில் அரசரின் பெயரெழுத்து மட்டும். வாட்டர்லூவுக்கு வைக்கும் நுனியில் இரும்புச் சிலுவை. 28 மி.மீ. அளவில் இது ஒரு கறுப்புப் புள்ளி. தெரியாது என்பீர்கள். எனக்குத் தெரியும் என்பதால் தூக்கம் வராது.

கடைசியாக, எந்த ரெஜிமென்ட் எங்கே இருந்தது என்பது. 1 என்ற எண்ணைப் பார்த்தவுடன் அதையே எடுப்பவர்கள் நிறைய. 1815 பெல்ஜியப் போரில் 1, 3, 4, 5 ஆகிய கிழக்குப் பிரஷ்ய ரெஜிமென்ட்கள் புளூஷரோடு இல்லவே இல்லை. அந்தப் போரின் லின்யி களத்துக்கு வேண்டுமானால் 6, 7, 9 என்று எடுக்கலாம். வாட்டர்லூவில் பிளான்சுனுவா என்றால் கொடியோடு நியாயமாக வரக்கூடியவை 2உம் 11உம்தான். 11 இருந்த தளபதி பியூலோவின் படையில் 10ஆம் ரெஜிமென்டும் இருந்தது. லைப்சிக் 1813 ஆடுபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. தளபதி யோர்க்கின் படையிலும் மற்றவற்றிலும் பழைய ரெஜிமென்ட்கள் தாராளமாக இருந்தன.

## வாய்ப்பு மூன்று: கொடி இல்லாத பட்டாலியன்

1813-இல் பிரஷ்யா அவசர அவசரமாகச் சேர்த்த ரிசர்வ் ரெஜிமென்ட்களுக்குக் கொடி கொடுக்கவில்லை. 1815 மார்ச்சில் அவற்றை 13 முதல் 24 வரை எண்ணிட்டு முறையான ரெஜிமென்ட்களாக்கினார்கள். 25 முன்பு லூட்சோவின் தன்னார்வப் படை. 28, 29 பெர்க் நாட்டுப் படையிலிருந்து வந்தவை. 30, 31 ரஷ்ய–ஜெர்மன் லீஜியன். எண் வந்துவிட்டது, கொடி வரவில்லை. புதிய ரெஜிமென்ட்களுக்குக் கொடி வழங்கும் விழா 1815 செப்டம்பரில், வாட்டர்லூ முடிந்து ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து, பாரிஸில்தான் நடந்தது.

இப்போது பிளான்சுனுவாவைத் திரும்பப் பாருங்கள். அந்த ஊரை முதலில் தாக்கிய ஹில்லரின் 16ஆம் பிரிகேடில் இருந்தவை 15ஆம் ரெஜிமென்டும் 1, 2 எண் சைலேசிய லாண்ட்வேரும் (குடிமக்கள் படை). மூன்றுக்கும் கொடி கிடையாது. நெப்போலியனின் இளம் காவல் படையோடு தெருத்தெருவாக மோதிய அந்த முதல் அலை தலைக்குமேல் ஒரு துணிகூட இல்லாமல் போயிருக்கிறது. சரி, மேசையில் அது எப்படித் தெரியும்? வெறுமையாகத்தான். முதல் வாரம் உறுத்தும். அப்புறம், பக்கத்தில் 11ஆம் ரெஜிமென்டின் ஒற்றைக் கொடி ஏறும்போது அந்த வெறுமைக்கு ஓர் அர்த்தம் வந்துவிடும்.

செலவு ஏறக்குறைய சுழியம். ஆனால் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, எது எந்தப் பட்டாலியன் என்று தூரத்திலிருந்து தெரியாது. நான் அடிப்பலகையின் பின்விளிம்பில் சின்ன எழுத்தில் எண் எழுதிவிடுகிறேன். முன்வரிசையில் மேளக்காரனையும், குதிரைமேல் ஓர் அதிகாரியையும் வைக்கிறேன். இன்னொன்று, பெட்டியில் வரும் கொடிக்காரன் உருவம் மிஞ்சும். கம்பத்தை வெட்டிவிட்டு, மிச்ச உதிரிகளிலிருந்து ஒரு வாளை ஒட்டினால் அதட்டிக்கொண்டு ஓடும் சார்ஜென்ட் தயார்.

கொடியில் மிச்சம் பிடித்த நேரத்தைச் சட்டையில் செலவிடலாம். ரிசர்வ் வீரர்கள் 1813-இல் சாம்பல் சட்டையிலும், பிரிட்டன் அனுப்பிய உடுப்பிலும் கலந்துகட்டி நின்றார்கள். பெர்க் நாட்டிலிருந்து வந்த ரெஜிமென்ட்களில் 1815-இலும் பழைய வெள்ளைச் சட்டை தெரியும். நீலமே தீட்டிச் சலித்த கைக்கு இது விடுமுறை.

## வாய்ப்பு நான்கு: கொடி பிடித்த லாண்ட்வேர்

லாண்ட்வேர் என்பது 1813 மார்ச் 17 ஆணையால் திரட்டப்பட்ட குடிமக்கள் படை. நீள அங்கி, முன்விளிம்பு வைத்த தொப்பி, அதில் ஒரு சிலுவை. அரசர் இவர்களுக்குக் கொடி வழங்கவில்லை. ஆனால் ஊரார் செய்து கொடுத்த கொடிகளைச் சில பட்டாலியன்கள் தூக்கிப் போயின, குறிப்பாகக் கிழக்குப் பிரஷ்யாவில். கொடித் தாள்களில் லாண்ட்வேர் என்று விற்பவை பெரும்பாலும் வெள்ளைத் துணியில் கருஞ்சிலுவை போட்டவை.

எனக்கு இந்த வாய்ப்பின்மேல் கொஞ்சம் சந்தேகம்தான். தீட்டுவது மிக எளிது, மேசையில் எடுப்பாகத் தெரிகிறது, அதனாலேயே எல்லா லாண்ட்வேருக்கும் மாட்டிவிடுகிறார்கள். விதிவிலக்கை வழக்கமாக்கிவிடுகிறோம். 1813-இன் கிழக்குப் பிரஷ்ய லாண்ட்வேருக்கு ஒன்று வைத்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது. அக்டோபர் 19-இல் லைப்சிக்கின் கிரிம்மா வாயிலை உடைத்துக்கொண்டு நுழைந்த மேஜர் ஃப்ரிக்சியஸின் கோனிக்ஸ்பெர்க் பட்டாலியனைச் செய்கிறவர், பக்கத்தில் ஒரு கொடியை ஆசைக்கு வைத்தால் நான் வாய் திறக்க மாட்டேன். 1815-இல் வெஸ்ட்ஃபேலிய லாண்ட்வேருக்கு வைத்தால் கேட்பேன்.

## ஒரே பார்வையில்

| | 1806 பழைய படை | 1813–15 பழைய ரெஜிமென்ட் | கொடியில்லாத புதிய ரெஜிமென்ட் | கொடி பிடித்த லாண்ட்வேர் |
|---|---|---|---|---|
| பட்டாலியனுக்குக் கொடி | 2 | மஸ்கட்டியருக்கு 1 | இல்லை | அதிகாரப்பூர்வமாக இல்லை |
| ஆதார உறுதி | நல்லது, ரெஜிமென்டைச் சரியாகப் பிடித்தால் | நல்லது, எண் குழப்பம் நீங்கலாக | மிக உறுதி | மெலிது |
| உழைப்பு | அதிகம் | நடுத்தரம் | இல்லை | குறைவு |
| மறைந்திருக்கும் செலவு | உலோக உருவங்கள், தனி எதிரிப்படை, கூடுதல் கொடிக்காரர்கள் | ஆண்டுக்கேற்ற கம்ப நுனி | அடையாளம் காண்பது | வாக்குவாதம் |
| பொருந்தும் போர்கள் | யேனா, அவுயர்ஷ்டெட் | லைப்சிக், லின்யி, வாட்டர்லூ | லின்யி, பிளான்சுனுவா | 1813 கிழக்குப் பிரஷ்யர்கள் |

## தாளா, தூரிகையா, துணியா

எந்தக் கொடி என்று முடிவானபின் எதில் செய்வது என்பது சின்னக் கேள்வி. ஆனால் அதிகம் சண்டை நடப்பது இதில்தான்.

அச்சிட்ட தாள்தான் பெரும்பாலானோருக்கு ஏற்றது. பிரஷ்யக் கொடியின் நடுவட்டம் 28 மி.மீ. அளவில் ஏழெட்டு மில்லிமீட்டர்தான் வரும். அதற்குள் கழுகு, வாசகம், நாடா எல்லாம் கையால் வருவது கடினம். வீட்டில் அச்சிட்டால் மையைக் கவனியுங்கள். இங்க்ஜெட் மை, நீர் கலந்த பசை பட்டவுடன் ஓடும். முதலில் ஒரு சுற்று வார்னிஷ் தெளித்துக் காயவிடுங்கள். லேசர் அச்சு ஓடாது, ஆனால் மடிக்கும் இடத்தில் பொடி உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். இரண்டிலும் வெட்டிய விளிம்பு வெள்ளையாகப் பல்லைக் காட்டும். அதே நிறத்தை விளிம்பில் தடவினால்தான் அது தாள் என்பது மறையும். பசை ஈரமாக இருக்கும்போதே ஒரு பென்சிலில் சுற்றி மடிப்பு விடுங்கள். காய்ந்தபின் வளைத்தால் உடையும். தாளின் ஒரு பாதியைத் தலைகீழாக ஒட்டிவிட்டு, காய்ந்த பிறகு வாசகத்தைப் படித்துப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

கையால் தீட்டுவது, கழுகை ஒரு கறுப்பு நிழலாகவும் இலைமாலையை மஞ்சளும் பழுப்புமான புள்ளிகளாகவும் ஏற்றுக்கொள்ளும் மனம் இருந்தால் மட்டும். தங்க வண்ணம் இந்த அளவில் மின்னாது, சேறுபோல் தெரியும். மஞ்சள் நன்றாக ஏமாற்றும். தாளின்மேல் அதே நிறங்களில் கொஞ்சம் ஒளியும் நிழலும் தீட்டுவது நடுவழி. நான் இப்போது செய்வது அதுதான்.

அச்சிட்ட துணி தொங்கும்போது அழகு. ஆனால் நெசவின் இழை 28 மி.மீ. உருவத்தின் கையில் கோணிச் சாக்குபோலத் தெரிகிறது. பெரிய உருவங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எதில் செய்தாலும் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் கம்பத்தை வெட்டிவிட்டு ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போடுங்கள். மேசையில் எல்லோரும் பட்டாலியனைக் கொடியைப் பிடித்துத்தான் தூக்குகிறார்கள், எத்தனை முறை சொன்னாலும்.

## யாருக்கு எது

முதல் பட்டாலியன், ஒரே ஒரு பெட்டி, எதிரி யாரென்று இன்னும் முடிவாகவில்லை என்றால் 2ஆம் ரெஜிமென்டின், அதாவது முதல் பொமரேனிய ரெஜிமென்டின் மஸ்கட்டியர் பட்டாலியனை எடுங்கள். ஒரே கொடி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, 1813-க்கும் ஆகும், வாட்டர்லூ மாலைக்கும் ஆகும். இரண்டாவது பட்டாலியனுக்குக் கொடி தேடாதீர்கள். அதை 15ஆகவோ 25ஆகவோ கொடியில்லாமல் நிறுத்துங்கள். 1806-ஐ நாலைந்து பட்டாலியன் தீட்டிக் கை பழகியபின் பார்த்துக்கொள்ளலாம். முதல் முயற்சியிலேயே நான்கு கொடி வரையப் போய் மூன்றாவதில் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் பட்டாலியன்கள் இன்னும் பாதி வண்ணத்தில் அலமாரியில் நிற்கின்றன.

என் 15ஆம் ரெஜிமென்டின் கொடியை நான் தூக்கிப் போடவில்லை. கம்பத்திலிருந்து கழற்றி ஒரு தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன். 1815 செப்டம்பர், பாரிஸ், கொடி வாங்க வரிசையில் நிற்கும் புது ரெஜிமென்ட் என்று ஒரு காட்சி செய்யலாமே என்று தோன்றியது. ஓடும் உருவங்கள் அதற்கு உதவாது. துப்பாக்கியைத் தோளில் வைத்து நேராக நிற்பவர்கள் வேண்டும். பன்னிரண்டு பேரைத் தீட்டியாயிற்று. மேளக்காரன் பாக்கி.